கட்டைக் குரல்

அப்பாவின் பட்டறையைக் காலி செய்ய மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. இடத்துக்காரர் மோசமானவர் அல்ல. 28 வருஷம் வாடகைக்கு இருந்தவரிடம் ஒருநாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. அவருடைய மகன் அங்கே குடோன் கட்டப்போகிறான், அவ்வளவுதான். நான் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு கோவைக்கு வந்து இறங்கினேன். பட்டறையின் மூலையில் உட்கார்ந்து மீட்டிங்குகளைப் பார்த்துக்கொண்டே நடுநடுவே மரம் அடுக்குவது என்று திட்டம்.

அப்பா பேட்டன் வேலைக்காரர். புத்தகத்தில் பேட்டர்ன் என்று இருக்கும், கணபதி பக்கம் எல்லோருக்கும் அது பேட்டன்தான். பவுண்டரியில் பம்ப் பாடியோ மோட்டார் பாடியோ வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அதைச் சுற்றி மண்ணை இடித்து இறுக்கி, உருவை மெதுவாக உருவி எடுத்தால் மண்ணில் அதன் பள்ளம் நிற்கும். அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். உருவும்போது மண் உதிரக்கூடாது என்பதற்காகப் பக்கங்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரித்துச் செதுக்குவார் அப்பா. இன்னொரு விஷயமும் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கும். அதனால் 100 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் மரத்தில் 101 மில்லிமீட்டர் செய்ய வேண்டும். இந்தச் சுருக்கம் பின்னால் என் கழுத்தைப் பிடிக்கப்போகிறது என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

மர வியாபாரி வந்தார். நல்ல தேக்குப் பலகைகளுக்கு ஒரு விலை சொன்னார். முடிந்த பேட்டன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வெறகுதானுங்க. பெயின்ட் அடிச்சிருக்கு, உள்ள ஆணி கெடக்கும், ரம்பத்துக்கு ஆகாது" என்றார். அவர் கையில் இருந்தது ஒரு பம்ப் வால்யூட். நத்தை ஓடுபோலச் சுருண்டு விரியும் அந்த வளைவை அப்பா எத்தனை இரவு உட்கார்ந்து தேய்த்தார் என்று எனக்குத் தெரியும். அப்பா தலையை ஆட்டினார். அவர் ஒத்துக்கொண்டாரா, இல்லை என்ன சொன்னார்கள் என்றே கேட்கவில்லையா என்று எனக்குப் புரியவில்லை.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆயிற்று.

பெங்களூரிலிருந்து ஃபோனில் பேசும்போது அவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். "ஆபீஸ்ல சீட்டு மாத்தீட்டாங்கப்பா" என்பேன். "வீடு மாத்தீட்டயா? அட்வான்ஸ் எவ்வளவு கேக்கறான்?" என்பார். முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. என் வேலையில் அவருக்கு அக்கறை இல்லை, கேட்பதுபோல பாவனை செய்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் "நான் சொல்றத என்னிக்காவது கேட்டிருக்கீங்களா நீங்க?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று இன்றுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்தபோது ஒரு வரைபடம் கொடுத்தார்கள். 250 ஹெர்ட்ஸ், 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் கோடு ஏறக்குறைய நம்முடையது மாதிரியே போகிறது. 1000 தாண்டியதும் சரிகிறது. 4000-இல் கிணற்றில் விழுந்த மாதிரி பள்ளம். இரைச்சலில் வேலை பார்ப்பவர்களின் காது முதலில் அங்கேதான் பழுதாகும் என்றார் பரிசோதித்த பெண். பேண்ட் சா, பிளேனர், இழைப்பு டிஸ்க் என்று 45 வருஷத்துக்கும் மேல். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழ் அலைவரிசையில் இருக்கிறது. ச, த, க போன்றவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவது பெரும்பாலும் மேலேதான். ஆகவே யாரோ பேசுகிறார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியாது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "பாத்திரம் கழுவறது இடி விழுகற மாதிரி கேக்குது" என்று நாலு நாளில் டிராயரில் வைத்துவிட்டார்.

அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அவர் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். அன்னக்கிளி வந்த 1976-இல், 14 வயதில், பேட்டன் கடைக்கு எடுபிடியாகப் போனவர் அவர். இளையராஜா கூடவே வளர்ந்து, கூடவே வேலை கற்று, கூடவே கல்யாணம் செய்த தலைமுறை. பட்டறையில் ரேடியோ ஓடாத நாளே கிடையாது. நான் ஒரு ஸ்மார்ட் ஃபோன் வாங்கிக் கொடுத்து, இனி எந்தப் பாட்டு வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். "ஒரே எரைச்சலா இருக்குது" என்று ஓரம் வைத்தார்.

விஷயம் எனக்குப் பிடிபட்டது காரில். பட்டறைச் சாமான் ஏற்றிக்கொண்டு சத்தி ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். மூடுபனி படத்தின் அந்த கிட்டார் பாட்டு ஓடியது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். அவருடைய விரல்கள் மட்டும் கதவின் மேல் தட்டிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தேன். அவர் தட்டியது தாளத்தை இல்லை, பேஸ் கிட்டார் போகும் பாதையை. ஏறும் இடத்தில் விரல் மாறியது, நிற்கும் இடத்தில் நின்றது.

"பாட்டு தெரியுதுங்களாப்பா?" என்று அவர் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டேன்.

"வார்த்த வர்றதில்ல. அடியில ஓடுது பாரு, அத வெச்சு எந்தப் பாட்டுன்னு கண்டுபிடிச்சரலாம்" என்றார்.

இளையராஜா பேஸுக்கென்று தனியாக யோசித்து வரி எழுதியவர். அவருடைய ரசிகர்களுக்கு அதை வாசித்த சசிதரனின் பெயரும் தெரியும். பாட்டின் மெட்டை எடுத்துவிட்டாலும் தனியே நிற்கும் இன்னொரு பாட்டு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவின் காதில் கடைசியாக மிச்சமிருந்தது அதுதான். அதை ஃபோனில் எதிர்பார்க்க முடியாது. நகத்தளவு ஸ்பீக்கர் கீழ்ஸ்தாயியைத் தொடவே தொடாது. வார்த்தையைக் காது விட்டுவிட்டது, பேஸை ஃபோன் விட்டுவிட்டது. இரண்டும் போனால் மிஞ்சுவது இரைச்சல்தான்.

நல்ல ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தால் முடிந்திருக்கும். கொடுத்தேன், பிறகு. ஆனால் அந்த மூன்று வாரத்தில் என் மண்டையில் ஏறியது வேறு. காலேஜ் ஹாஸ்டலில் இரண்டு வருஷம் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறேன். சுமாராகத்தான். கடைசி செமஸ்டரில் அதை விற்று சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். விறகு விலைக்குப் போகும் மரத்தில் கொஞ்சத்தை எடுத்து, கீழே மட்டும் பேசும் ஒரு வாத்தியம் செய்தால் என்ன? அப்பாவிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். பார்த்தார். "வீணைக்குப் பலா மரம் வேணுமே, தேக்குல என்றா பண்ணப்போற" என்றார். அதற்கு மேல் ஆர்வம் காட்டவில்லை.

இப்படிச் செய்வதில் நான் முதல் ஆள் இல்லை. 1950-களில் இங்கிலாந்துப் பையன்கள் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு துடைப்பக் குச்சியும் ஒரு கயிறும் கட்டி பேஸ் வாசித்தார்கள். பீட்டில்ஸுக்கு முன்னால் ஜான் லென்னன் நடத்திய குவாரிமென் குழுவிலும் அந்தப் பெட்டி இருந்தது. அமெரிக்காவில் அதே வேலையைத் துணி துவைக்கும் தகர டப்பா செய்தது. பெட்டி எதுவானாலும் சமாளித்துக்கொள்ளலாம். கஷ்டம் தந்தியில்.

ஒரு தந்தி எவ்வளவு கீழே பேசும் என்பதற்கு மூன்று விஷயங்கள் உண்டு. நீளம், இழுவை, எடை. பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1636-இல் இதைச் சூத்திரமாக எழுதிவைத்தார். அவருக்கு முன்பே, தந்தியில் எடைகளைத் தொங்கவிட்டு இழுவைக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கைக் கண்டுபிடித்தவர் வின்சென்சோ கலிலி என்ற லூட் வாத்தியக்காரர். கலிலியோவின் அப்பா. உலகத்தை அளந்து பார்க்கும் புத்தி மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது எனக்கு அந்த வீட்டுக்குள் தொங்கிய எடைகள்தான் ஞாபகம் வரும்.

நான் வைத்துக்கொண்ட இலக்கு 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி பேசும் இடம். கையில் இருந்த தேக்குச் சட்டத்துக்கு 900 மில்லிமீட்டர் தந்தி நீளம் பொருந்தும். பட்டறையில் 20 கேஜ் ஸ்பிரிங் கம்பி ஒரு சுருள் கிடந்தது, 0.9 மில்லிமீட்டர் கனம். கணக்குப் போட்டால் அந்தக் கம்பி 41 ஹெர்ட்ஸில் பேச மூன்று கிலோ இழுவைகூட வேண்டாம். அதாவது துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும். தட்டினால் சட்டத்தில் மோதிக் கடகடவென்று அடிக்கும், வேறொன்றும் நடக்காது. சரி, கனமான கம்பி போடலாம் என்றால் 2.4 மில்லிமீட்டர் வேண்டும். அது கம்பி இல்லை, கதவுத் தாழ்ப்பாள். வளைய மறுக்கும் எதுவும் சுருதியோடு பேசாது.

எடை வேண்டும், விறைப்பு வேண்டாம். இந்த முடிச்சை ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அவிழ்த்தார்கள். நடுவில் மெல்லிய தந்தி, அதன் மேல் உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது. சுற்றியது எடையைக் கொடுக்கும், விறைப்பைக் கொடுக்காது. அதற்கு முன்பு கீழே போக ஒரு வழி, வாத்தியத்தை ஆளுயரத்துக்கு நீட்டுவது. பியானோவின் அடித் தந்திகளைப் பார்த்தால் இன்றும் செம்புக் கம்பி சுற்றியிருக்கும்.

செம்புக் கம்பி! மோட்டார் ரீவைண்டிங் கடைக்குக் கோவையில் பஞ்சமா? எங்கள் பட்டறைக்கு எதிரேயே ஒன்று. 22 கேஜ் கம்பி கேட்டேன். எத்தனை கிலோ என்றார் அண்ணன். ஏழு மீட்டர் போதும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காசு வாங்காமல் கொடுத்தார். 20 கேஜ் ஸ்பிரிங் கம்பியின் மேல் 22 கேஜ் செம்பைச் சுற்றினால் 41 ஹெர்ட்ஸுக்கு சுமார் 17 கிலோ இழுவை வரும். கடையில் வாங்கும் பேஸ் தந்தியும் ஏறக்குறைய இதே இழுவையில்தான் நிற்கிறது.

கணக்கு அழகாக வந்தது. கை வரவில்லை. பக்கத்து லேத் பட்டறையில் எட்டடி லேத்தைக் கேட்டு வாங்கி, ஸ்பிரிங் கம்பியின் ஒரு முனையைச் சக்கில் பிடித்தேன், மறுமுனையைத் தூரத்தில் ஒரு கொக்கியில் கட்டினேன், மெதுவாக ஓட்டி செம்பை ஊட்டினேன். அரை அடி பிரமாதமாகப் போனது. அப்புறம் கம்பி முறுக்கிக்கொண்டு, சக்கில் ஒரு வேகம், கொக்கியில் ஒரு வேகம், செம்புச் சுருள் தளர்ந்து சேமியா மாதிரி தொங்கியது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் சேமியா. ரீவைண்டிங் அண்ணனிடம் மறுபடி போய் நிற்க வெட்கமாக இருந்தது.

நாலாவது தடவை நிமிர்ந்து பார்த்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. என்னைக் கேட்காமலே உள்ளே வந்தார். டெயில் ஸ்டாக்கில் சுழலும் சென்டரை மாட்டி, அதன் மேல் ஒரு சின்னக் கொக்கியை வெல்டு வைக்கச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் சேந்து சுத்தோணும். நீ ஒரு பக்கத்தப் புடிச்சு வெச்சிருக்கற, அப்பறம் முறுக்காம என்ன பண்ணும்?"

அதோடு நிற்கவில்லை. ஸ்பிரிங் கம்பியின் இரு முனைகளிலும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து லேசாகத் தட்டையாக்கினார். வட்டமான கம்பியில் செம்பு வழுக்கும், தட்டையான இடத்தில் கடித்துக்கொள்ளும். தந்தி செய்யும் கம்பெனிகள் இதற்காகவே அறுகோணக் கம்பியைப் பயன்படுத்துகின்றன என்று நான் அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா எதையும் படிக்கவில்லை. பழைய வேட்டித் துணியைக் கையில் சுற்றி, செம்பை விரல்களுக்கு நடுவில் பிடித்து, லேத் சுற்றச் சுற்ற ஊட்டிக்கொண்டே வந்தார். ஒரு மீட்டருக்கு 1,400 சுற்று. ஒரு சுற்றுகூட ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. முடிந்ததும் தந்தி எண்ணெய் பூசிய பாம்பு மாதிரி மினுங்கியது. பட்டறை மூடப்போகும் செய்தி வந்ததிலிருந்து அவர் கை எதையும் செய்து நான் பார்த்திருக்கவில்லை.

இரண்டாவது தந்திக்கு உள்ளே 22 கேஜ், மேலே 26 கேஜ். முதல் தந்தி ச என்றால் இது ப.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் உளி டிராயரைக் கவிழ்த்தேன். பக்கமெல்லாம் தேக்கு, அடியில் 4 மில்லிமீட்டர் பிளைவுட். கவிழ்த்தால் அந்த பிளைவுட்தான் மேல்பலகை. சட்டத்தை உள்ளே நுழைத்து மறுபக்கம் வெளியே நீட்டினேன். சைக்கிள் கடையில் கிடைத்த பழைய போக்ஸ் கம்பிகளை வெட்டி மெட்டுகள். தந்தியை முறுக்க இரண்டு ஐ போல்ட். எண்ணெய் நாற்றம் மட்டும் போகவில்லை.

மெட்டுகள் வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். மெட்டுகளின் இடம் இரண்டின் பன்னிரண்டாம் படி மூலத்தில் வரும். பைத்தானில் பத்து வரி எழுதி, தசமத்துக்கு அடுத்த ஒரு இலக்கம் வரை பட்டியல் எடுத்தேன். 12-ஆம் மெட்டு சரியாக 450 மில்லிமீட்டரில். இதுதான் என் தொழில், இதில் தப்பு வராது என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டேன். முழு நீளம் 900-ஐ டேப்பில் அளந்தேன். மெட்டுகளை, கூர்மையாகக் குறிக்க வேண்டுமே என்று, சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் இரும்பு ஸ்கேலை எடுத்துக் குறித்தேன்.

தந்தியைக் கட்டிச் சுருதி சேர்த்து மெட்டை அழுத்தினால் ஃபோனில் இருந்த டியூனர் சிவப்புக் காட்டியது. 5-ஆம் மெட்டில் 6 சென்ட் கூடுதல். 7-இல் 9. 12-இல் 17. அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் சென்ட். பதினேழு என்பது காதில் விழும் தப்பு. தந்தி உயரமாக இருக்கிறது, அழுத்தும்போது இழுபடுகிறது என்று நினைத்து பிரிட்ஜைத் தேய்த்தேன். மாறவில்லை. பைத்தானை மூன்று முறை பார்த்தேன். டியூனர் ஆப்பை மாற்றினேன். இரண்டு சாயங்காலம் போயிற்று. தப்பு ஒரு ஒழுங்கோடு வளர்கிறது என்பதே எனக்குத் துப்பாக இருந்திருக்க வேண்டும். புரொடக்ஷனில் இப்படி ஒரு பக் வந்திருந்தால் ஜூனியரிடம் சொல்லியிருப்பேன், "எல்லா இடத்துலயும் ஒரே விகிதத்துல தப்புன்னா யூனிட்டப் பாரு" என்று.

அப்பா வந்து பார்த்தார். அவருக்கு அந்தப் பதினேழு சென்ட் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் பார்த்தது பெஞ்சின் மேல் கிடந்த ஸ்கேலை.

"இதுலயா அளந்த?"

"ஆமாங்கப்பா. இரும்பு ஸ்கேல்தானே."

"இரும்பு ஸ்கேல்தான்" என்றார். சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமோ ஆகியிருந்தது. லேத் பட்டறைப் பையன் எட்டிப் பார்த்தான். ஸ்கேலைத் திருப்பி ஓரத்தில் தேய்ந்துபோன ஒரு பொறிப்பைக் காட்டினார். ஒரு சதவீதம் என்று இருந்தது.

இரும்பில் செய்த ஸ்கேல் என்று நான் இத்தனை வருஷம் நினைத்தது, இரும்புக்கான ஸ்கேல். சுருக்கத்தையும் சேர்த்தே கோடு போட்டது. அதில் 100 என்று இருக்கும் இடம் உண்மையில் 101. அலுமினியத்துக்கு வேறு ஸ்கேல், பித்தளைக்கு வேறு. பேட்டன்காரர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார், ஸ்கேலை மாற்றிக்கொள்வார். பேட்டன்காரர் வீட்டில் பிறந்து, அவர் காசில் இன்ஜினியரிங் படித்து, வார்ப்புச் சுருக்கத்தைப் பற்றிப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவன் நான்.

மெட்டுகளைப் பிடுங்கி மறுபடி வைக்க வேண்டும், போக்ஸ் கம்பிக்கு அறுத்த காடிகளை அடைக்க வேண்டும், சட்டமே போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தந்தியைத் தளர்த்தினார். அதே ஸ்கேலை எடுத்து, தந்தி தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு முறை வைத்து 900 அளந்து பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிரிட்ஜை அந்தக் கோட்டுக்குத் தள்ளினார்.

"எல்லாத்தையும் ஒரே ஸ்கேல்ல அளந்துட்டா தப்பே இல்ல. நீ பாதிய அதுலயும் பாதிய இதுலயும் அளந்திருக்கற."

என் டேப்பில் அது 909 மில்லிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் தள்ளியதும் 5, 7, 12 எல்லாம் பச்சைக்கு வந்தன. ஒரு மெட்டைக்கூடத் தொடவில்லை. எனக்கு அது அப்போதே புரிந்திருக்க வேண்டும், எளிய விகிதக் கணக்கு. புரியாமல் டியூனரைப் பார்த்தபடி நின்றேன்.

சுருதி சேர்ந்தது. சத்தம்தான் வரவில்லை. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஒரு டிராயர் அதைக் காற்றில் தள்ளுவது விசிறி மட்டையால் லாரியைத் தள்ளுவது மாதிரி. எனக்குக் கேட்டது, ஆனால் அது ஒருவகை ஏமாற்று. பெட்டியிலிருந்து 82, 123 என்று மேலே உள்ள இழைகள்தான் வெளியே வரும், காதும் மூளையும் சேர்ந்து அடியில் இருப்பதை யூகித்துக்கொள்ளும். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஏதோ முனகுது" என்றார்.

நான் இன்னும் பலமாக மீட்டினேன். அவர் கையால் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நீள ஸ்குரூ டிரைவரோடு வந்தார். பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓடும் மோட்டார் மேல் ஸ்குரூ டிரைவர் நுனி, கைப்பிடி காதோரம். அவரும் ஆயிரம் தடவை அப்படிப் பேண்ட் சா பேரிங்கைக் கேட்டிருக்கிறார். இப்போது நுனியை பிரிட்ஜ் ஓரத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துக்கொண்டார்.

"ம்" என்றார்.

மீட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டார். தந்தி அடங்கும் வரை அசையவில்லை. அவருடைய பழுது நரம்பில், எலும்பு வழியாகப் போனாலும் நரம்பைத் தாண்ட முடியாது என்று பரிசோதித்த பெண் சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஆனால் கீழே உள்ள பாகம் அவரிடம் பழுதில்லாமல்தான் இருந்தது. போதுமான பலத்தோடு யாரும் அதற்கு எதையும் கொடுக்கவில்லை.

அடுத்து அவரே வழியும் கண்டுபிடித்தார். வாத்தியத்தை மடியில் வைக்காமல், வாலை வேலை பெஞ்சின் மேல் ஊன்றி நிறுத்தச் சொன்னார். மூன்று அங்குல கனத் தேக்குப் பலகை, எட்டடி நீளம். மீட்டினால் பெஞ்சு முழுக்க நடுங்கியது. அதன் மேல் கிடந்த ஆணிகள் சிலிர்த்தன. அப்பா இரண்டு முழங்கைகளையும் பெஞ்சில் ஊன்றி, உள்ளங்கையில் தாடையை வைத்து உட்கார்ந்தார். நான் மூடுபனி பாட்டின் அடிவரியை ஞாபகத்திலிருந்து தேடித் தேடி வாசித்தேன். இரண்டு தந்தியில் எல்லாம் வராது. சரணத்துக்கு முன்னால் ஓரிடத்தில் தப்பாகப் போனேன்.

"அங்க எறங்கோணும்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

இறங்கினேன். சரியாக இருந்தது. நான் சொல்வதை என்றாவது கேட்டிருக்கிறீர்களா என்று ஃபோனில் கத்திய மனிதரிடம்தான் நான் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எப்படியும் வார்த்தை அவருக்குப் போய்ச் சேராது. மறுபடி பல்லவியிலிருந்து வாசித்தேன்.

வியாபாரி கடைசி நாள் லாரியோடு வந்தார். பலகைகள் போயின. வால்யூட் ஒன்றைத் தவிர மற்ற பேட்டன்களும் விறகு விலைக்கே போயின. பெஞ்சுக்கு மட்டும் நல்ல விலை சொன்னார், நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அப்பா தலையாட்டினார். நான் பயந்துபோய் அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று, "பெஞ்சக் கேக்கறாங்கப்பா, பெஞ்ச" என்றேன்.

"கேட்டுது. குடுக்கறதில்லைன்னுதான் தலையாட்டினேன்" என்றார். அந்தத் தலையாட்டலுக்கு எந்த ஊரில் அந்த அர்த்தமோ. வியாபாரியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பெஞ்சைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கிறது, கார் தெருவில் நிற்கிறது. ஒரு பாதியில் அம்மா மிளகாய் காயப்போடுகிறார், மறுபாதியில் வாத்தியம். அதற்குப் பேர் ஒன்றும் வைக்கவில்லை. அப்பா "கட்டை" என்கிறார். அம்மா, "அந்தக் கட்டக் குரல்ல மத்தியானம் ஆனா ஆரம்பிச்சர்றாரு, அடுப்படியில டம்ளர் ஆடுது" என்று ஃபோனில் குறைப்பட்டுக்கொள்கிறார். நான் வாசிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அவராகவே ச, ப இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாராம். எனக்கும் அவருக்கும் இப்போது வாட்ஸப்பில் எழுத்துதான். முன்பு பேசியதைவிட அதிகம் பேசிக்கொள்கிறோம்.

போன வாரம் ஒரு மீட்டிங்கின் நடுவில் அவரிடமிருந்து படம் ஒன்று வந்தது. செம்புக் கம்பிச் சுருள், பக்கத்தில் ஒரு மைக்ரோமீட்டர். கீழே எழுதியிருந்தார்: "18 கேஜ் கெடச்சிருக்கு. இன்னும் கீழ போகுமா?"

மைக்கை அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். உள்ளே அதே 20 கேஜ், மேலே 18. நீளம் 909. 31 ஹெர்ட்ஸில் 20 கிலோ இழுவை. ஐ போல்ட் தாங்கும். சட்டம் முப்பது வருஷம் காய்ந்த தேக்கு, அதுவும் தாங்கும்.

"போகும். ரெண்டு பக்கமும் சேந்து சுத்தோணும்" என்று பதில் அனுப்பினேன்.

"அது எனக்குத் தெரியும்" என்று வந்தது.